பிஏ (ஃபிசிஷன் அசோசியேட்) படிப்புக்கு இடம் என்று 9,800 வெள்ளி வாங்கி ஏமாற்றிவிட்டார்கள், பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

"லண்டன்ல ரெண்டு வருஷம் ஃபிசிஷன் அசோசியேட் படிச்சா போதும். டாக்டர் மாதிரியே மருந்து எழுதலாம், சிங்கப்பூர்லயும் எடுத்துக்குவாங்க." சிங்கப்பூர் தேக்கா பக்கம் இருக்கும் ஒரு வெளிநாட்டுக் கல்வி முகவர் அலுவலகத்தில் சொன்னது இது. ஃபிசிஷன் அசோசியேட், சுருக்கமாக பிஏ என்பவர், மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் உதவிப் பணியாளர். மருந்து எழுதலாம் என்பது பொய். சிங்கப்பூரில் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் பொய். இதை நம்பி என் தங்கைக்காக வீட்டில் திரட்டிக் கட்டிய 9,800 வெள்ளி போய்விட்டது.

ஆள் தமிழில் பேசினார், அம்மாவுக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. "நம்ம வீட்டுப் பிள்ளைம்மா, நான் பாத்துக்குறேன்" என்றார். தங்கையின் உயிர்மருத்துவ அறிவியல் பட்டச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மார்க்குக்கு இன்டர்வியூவே தேவையில்ல, சீட்டு எங்க கையில" என்று ஒரு பல்கலைக்கழக முத்திரை போட்ட தாளை மேசையில் வைத்தார். இட உறுதிக்கு ஒரு தொகை, மருத்துவமனைப் பயிற்சிக்கு முன்பதிவு என்று ஒரு தொகை, தயாரிப்பு வகுப்புக்கு ஒரு தொகை. பேநவ் வங்கிப் பரிமாற்றம் வழியாகப் போனது அந்த நிறுவனத்தின் கணக்குக்கு. ரசீதில் 'ஆலோசனைச் சேவை' என்ற இரண்டே சொல். 9,800 வெள்ளிக்கு!

உண்மை நிலவரம் இதுதான். பிரிட்டனில் பிஏ ஆக, பெரும்பாலும் உயிரியல் சார்ந்த பட்டத்துக்குப் பிறகு இரண்டாண்டு முதுநிலை டிப்ளோமா அல்லது முதுகலை படிக்க வேண்டும். நோயாளிகளோடு பேசிப் பழகும் படிப்பு என்பதால் ஆளை நேர்காணல் செய்யாமல் எடுக்கமாட்டார்கள். பல இடங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் கேள்வி கேட்கும் பலகட்ட நேர்காணல் நடக்கும். ஏறக்குறைய 1,600 மணி நேரம் மருத்துவப் பயிற்சி: பொது மருத்துவம், அவசரப் பிரிவு, அறுவைச் சிகிச்சை, மனநலம், குழந்தைகள், மகப்பேறு, குடும்ப மருத்துவர் கிளினிக். இந்த இடங்களை மருத்துவமனைகளோடு பேசி ஒதுக்குவது பல்கலைக்கழகம். வெளியாள் யாராலும் 'முன்பதிவு' செய்ய முடியாது. பயிற்சி இடம் பற்றாததால் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்காத பல்கலைக்கழகங்களும் உண்டு. முகவர் காட்டிய தாளில் இருந்த பல்கலைக்கழகம் அப்படிப்பட்டதா என்று அவர் வாயே திறக்கவில்லை.

படித்து முடித்தாலும் எழுத்தும் செய்முறையுமாக ஒரு தேசியத் தேர்வு உண்டு. அதன் பிறகு பிரிட்டனின் பொது மருத்துவ மன்றமான ஜிஎம்சி-யில் பதிவு. 2024 டிசம்பரில்தான் ஜிஎம்சி பிஏ-க்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. அங்கே பிஏ மருந்துச் சீட்டு எழுத முடியாது, எக்ஸ்ரே, சிடி ஸ்கேனுக்கும் எழுதித் தர முடியாது. ஒரு மருத்துவரின் மேற்பார்வையில்தான் வேலை. பிஏ-க்களின் பணி பற்றி பிரிட்டன் அரசு கேட்டு 2025 ஜூலையில் வந்த லெங் ஆய்வறிக்கை, பெயரையே 'ஃபிசிஷன் அசிஸ்டன்ட்' என்று மாற்றச் சொன்னது. இன்ன நோய் என்று இன்னும் பிரித்தறியப்படாத நோயாளியை, வரையறுத்த தேசிய நெறிமுறைகளுக்கு உட்பட்டாலொழிய, பிஏ முதலில் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. பிஏ-வின் வேலையை இப்படிச் சுருக்கச் சொல்லும்போது "போனதும் வேலை" என்று விற்பவரை என்னவென்று சொல்வது?

சிங்கப்பூரில் மருத்துவர், தாதியர், மருந்தாளர், இயன்மருத்துவர் என்று அவரவருக்குப் பதிவேடு உண்டு. பிஏ-வுக்கு இல்லை. அங்கே வாங்கிய பட்டத்தை இங்கே கொண்டுவந்து எந்தப் பதிவேட்டில் போடுவது? "அமெரிக்காவுக்கும் போகலாம்" என்றதும் புளுகு. அங்குள்ள பிஏ தேர்வை அந்நாட்டு அங்கீகாரக் குழு ஏற்ற படிப்பை முடித்தவர்தான் எழுத முடியும்.

காஸ் எண் எங்கே என்று கேட்டதிலிருந்து இழுத்தடிப்புதான். மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகமே தரும் 14 எழுத்து, எண் கொண்ட குறியீடு அது. "யூனிவர்சிட்டி ஸ்லோ" என்றார்கள். பிறகு "லண்டன் ஆபீசர் லீவுல" என்றார்கள். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. நேரில் போனால் கவுண்டரில் வேறொரு பெண்: "அவர் இப்ப இங்க வேலை செய்யலக்கா." பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கு நேரடியாக எழுதினோம். அந்தப் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்று பதில். அந்தப் பதிலை அலுவலகத்தில் காட்டியபோது, "சர்வீஸ் ஃபீ ரீஃபண்ட் கிடையாது. வேணும்னா இன்னும் 3,000 வெள்ளி கட்டுங்க, வேற கோர்ஸ் பார்க்கலாம்" என்றார்கள். ஏற்கெனவே 9,800 வெள்ளியை விழுங்கியவர்கள் கூசாமல் கேட்கிறார்கள்!

போலிஸ் புகார் கொடுத்தாயிற்று. இனிப் பணம் கட்டப்போகிறவர்களுக்கு, அவசரமாக:

ஜிஎம்சி இணையத்தளத்தில் அங்கீகரித்த பிஏ படிப்புகளின் பட்டியல் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். வெளிநாட்டு மாணவரை எடுப்பார்களா என்று பல்கலைக்கழகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் போடுங்கள். முன்பணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு மட்டும். முகவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே தரகுப்பணம் தருகிறது. ஆயிரக்கணக்கில் உங்களிடம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் போய்விட்டதா? பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போங்கள். ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், இரண்டாண்டுக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். "பாதி தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று தாள் நீட்டினால், மீதிப் பணத்தைக் கேட்கமாட்டேன் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.