பிக்கப் அடியில கடகட சத்தம்: கிளிப்பா வெல்டிங்கா, ரப்பர் புஷ்ஷா பியூ புஷ்ஷா

ஒட்டன்சத்திரத்துல காய்கறி ஏத்திட்டு திருப்பூர் போறப்ப வண்டி கம்முனு போகும். இறக்கிட்டு தாராபுரம் வழியா காலியா திரும்புறப்பதான் அடியில கடகடகடன்னு தகரடப்பால கல்லப் போட்டு குலுக்குன மாதிரி ஒரே சத்தம், அதுலயும் விடியக்காலைல தூக்கக் கலக்கத்தோட ஓட்டுறப்ப தலைக்குள்ளயே அடிக்கிற மாதிரி இருக்கும். பட்டறையில காட்டுனேன், ஷாக் அப்சர்பர் போயிருச்சுன்னாங்க, ரெண்டையும் மாத்துனேன், சத்தம் அப்படியே இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் நானே உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தேன். நிறைய பேர் சத்தத்தக் கண்டுபிடிக்காமலே பார்ட்ஸ் வாங்கிடுறோம், காசு போறது அங்கதான்.

மொதல்ல கண்டுபிடிக்கிற வழிங்கள ஒப்பிட்டுப் பாப்போம். நான் மூணு விதமா பாத்தேன்.

வண்டிய நிப்பாட்டி வெச்சு பாக்குறது ஒண்ணு. நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துட்டு ஆக்சிலேட்டர மெதுவா ஏத்துங்க. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும் ஸர்ர்ர்னு தகரம் அதுர்ற மாதிரி கத்தி, அதத் தாண்டுனதும் நின்னுருச்சுன்னா அனேகமா அது சைலன்சர் பக்கம் இருக்குற ஹீட் ஷீல்டு. சைலன்சர் சூடு வெளிய படாம மறைக்கிற மெல்லிசான தகரம், போல்ட் ஓட்டை துருப்பிடிச்சு பெருசாயிட்டா இன்ஜின் அதிர்வு அதோட அதிர்வுக்குப் பொருந்துற இடத்துல மட்டும் ஆடும். இந்த வழிக்கு பைசா செலவு கிடையாது, ஆனா ஓடுறப்ப மட்டும் வர்ற சத்தம் இதுல மாட்டாது.

ரெண்டாவது போன வெச்சு ரெக்கார்டு பண்றது. பழைய போன துணியில சுத்தி சேஸிஸ்ல நல்லா கட்டிட்டு அதே ரோட்டுல அதே ஸ்பீடுல ஒரு தடவ பின்னாடி பட்டை (லீஃப் ஸ்ப்ரிங்) பக்கம், ஒரு தடவ நடுவுல, ஒரு தடவ ஸ்டெப்னி பக்கம்னு ஓட்டி மூணையும் கேட்டுப் பாத்தா எது பக்கத்துல இருந்து வருதுன்னு ஓரளவு தெரிஞ்சிடும். காத்து சத்தம் குறுக்க வரும், அதனால 20, 30 கிலோமீட்டர் வேகத்துல கரடுமுரடான ரோட்டுல ஓட்டுங்க. எனக்கு பாதி வேல இதுலயே முடிஞ்சது. சேஸிஸ்ல பல இடத்துல மைக் கிளிப் மாட்டி கேக்குற கருவியும் விக்குது, பட்டறை வெச்சிருக்கவங்களுக்கு அது சரி, ஒத்த வண்டிக்காரங்களுக்கு தேவையில்ல.

மூணாவது பிட்ல (அடியில நின்னு பாக்குறதுக்கு பட்டறையில இருக்குற பள்ளம்) ஏத்தி லிவர் போட்டு நெம்பிப் பாக்குறது. கடைசியில முடிவு சொல்றது இதுதான். ஷாக்கிள் புஷ்ல (பட்டையோட முனைய சேஸிஸோட சேக்குற இடத்துல, பின் மேல மாட்டுற உருளை), ஷாக் அப்சர்பர் கண்ணுல, கிராஸ்ல (பின் சக்கரத்துக்கு சக்திய கொண்டுபோற ஷாஃப்ட்டோட மூட்டு), அந்த ஷாஃப்ட்ட நடுவுல தாங்குற சென்டர் பேரிங்ல எல்லாத்துலயும் நெம்பணும். பிட் இல்லாம வீட்டுலயே பாக்குறவங்க தயவுசெஞ்சு ஜாக்கிய மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க. ஸ்டாண்டு போட்டு, மத்த டயருக்கு கட்ட வெச்சிட்டு அப்புறம் போங்க.

இன்னும் ரெண்டு விஷயம். ஓடிட்டு இருக்குறப்ப பிரேக்க லேசா தொட்டதும் சத்தம் நின்னா பிரேக் பேட் பக்கம் பாருங்க, அதப் புடிச்சிருக்குற கிளிப் லூசா இருக்கும். ரிவர்ஸ்ல இருந்து ஃபர்ஸ்ட் போடுறப்ப டக்குனு ஒரு அடி விழுந்தா கிராஸ் தேய்ஞ்சிருக்கலாம், அத தள்ளிப் போடவே கூடாது, ஷாஃப்ட் கழண்டு விழுந்தா பின்னாடி வர்றவனுக்கும் ஆபத்து.

என் வண்டியில கடைசியா கெடச்சது மூணு: ஹீட் ஷீல்டு, பின்பக்க ஷாக்கிள் புஷ், ஸ்டெப்னி. ஸ்டெப்னி சப்ப மேட்டர், பஞ்சர் போட்டு ஏத்துனப்ப செயின சரியா இழுக்கல, ஹேண்டில் போட்டு நல்லா இறுக்குனதும் நின்னுருச்சு.

ஹீட் ஷீல்டுக்கு மூணு வழி சொல்றாங்க. கழட்டி வீசிரு, வெல்டிங் வை, இல்ல கிளிப் போடு. கழட்டி வீசுறவங்கதான் அதிகம், எனக்கு அதுல சுத்தமா உடன்பாடில்ல. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல் வண்டி நிறையத்துல டிபிஎஃப் (புகைக்கரிய புடிச்சு வெக்கிற ஃபில்டர்) இருக்கு, அதுல சேந்த புகைக்கரிய எரிக்கிறப்ப உள்ள சூடு சுமார் 600 டிகிரி வரைக்கும் போகும். நாம வைக்கோல் ஏத்துறோம், அறுத்த வயல்ல காஞ்ச தாள் மேலயே கொண்டுபோய் நிறுத்துறோம், அந்த தகரம் இல்லாம அது எவ்ளோ பெரிய ரிஸ்க்குன்னு யோசிச்சுப் பாருங்க. வெல்டிங் கெட்டியா நிக்கும்தான், ஆனா ஷீல்டு அலுமினியமா இருந்தா நம்ம பட்டறையில வெக்கிற சாதாரண ராடு புடிக்காது, இரும்பா இருந்தாலும் மெல்லிசுங்கறதால ஓட்டையாயிடும், அதோட வெல்டிங் வெக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி வயர கழட்டலன்னா ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போற வாய்ப்பும் இருக்கு. கிளிப்புங்கறது ரேடியேட்டர் ஹோஸுக்கு போடுற அதே மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப், பெரிய சைஸ் வாங்கி ஷீல்டையும் பைப்பையும் சேத்து சுத்தி இறுக்கிட்டா போதும், ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு போதும், சைலன்சர் ஆறுனப்புறம் பண்ணுங்க. போல்ட் ஓட்டை மட்டும் பெருசாயிருந்தா அகலமான வாஷர் போட்டாலே நின்னுடும். நான் ஒரு பக்கம் கிளிப்பு, ஒரு பக்கம் வாஷர் போட்டேன், ஒரு மழைக்காலம் தாண்டியும் அசையல.

புஷ் விஷயத்துலதான் நான் ரொம்ப குழம்புனேன். கம்பெனி ரப்பர் புஷ் சத்தம் போடாது, கிரீஸ் கேக்காது, குலுக்கல பாதி தானே வாங்கிக்கும். ஆயில் பட்டா ஊறிப்போயிடும், ஓவர்லோடு அடிச்சா சீக்கிரம் கிழியும். பியூ (பாலியூரித்தேன்) புஷ் அத விட கெட்டி, ஆயிலுக்கு அசையாது, ஆனா கிரீஸ் காஞ்சா கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சிடும், காலி வண்டியில குலுக்கலும் நேரா பாடிக்கு வரும். லேத்துல கடைஞ்சு தர்ற கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷு பெரிய லாரிக்கு சரியான சாமான், கிரீஸ் நிப்பிள் வழியா ஒழுங்கா கிரீஸ் அடிச்சுட்டே இருந்தா உழைக்கும், அடிக்க மறந்தா உள்ள இருக்குற இரும்பு பின்னையும் சேத்து தின்னுடும். பாதி நாள் காலியா ஓடுற என்ன மாதிரி ஆளுங்களுக்கு நான் ரப்பர்தான் சொல்லுவேன். தெனமும் ஃபுல் லோடு செங்கல், எம்சாண்டுன்னு அடிக்கிறவங்க பியூ போட்டுக்கலாம், கிரீஸ் வெக்க சலிச்சுக்காதவங்களா இருந்தா.

ரப்பர் சீக்கிரம் போயிடுதுன்னு திட்டுறவங்க ஒண்ண கவனிக்கணும், பல நேரம் தப்பு மாட்டுற விதத்துல இருக்கு. ரப்பர் புஷ் உள்ள இருக்குற இரும்பு பின் மேல சுழலாது, ரப்பர் முறுக்கித்தான் அசைவு குடுக்கும். வண்டிய ஜாக்கியில தூக்கி, பட்டை தொங்குறப்பவே நட்ட ஃபுல்லா இறுக்கிட்டா, கீழ இறக்குனதும் ரப்பர் முறுக்குன நிலையிலயே நிக்கும், அப்புறம் ஒவ்வொரு குழிக்கும் இன்னும் முறுக்கி சீக்கிரமே கிழிஞ்சிடும். நட்ட லேசா புடிச்சு வெச்சிட்டு, வண்டி நாலு டயர்லயும் தரையில நின்னப்புறம்தான் கடைசி டைட் வெக்கச் சொல்லுங்க, பக்கத்துலயே நின்னு பாருங்க.

பட்டைய கழட்டி மாட்டியிருந்தா அத ஆக்சிலோட சேத்துப் புடிக்கிற யு போல்ட்டையும் ரெண்டு மூணு லோடு அடிச்சப்புறம் ஒருக்கா டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்கம்னு அளவு பாத்து இறுக்குற ஸ்பேனர்) போட்டு செக் பண்ணணும். நான் செக் பண்ணப்ப வலது பக்கம் ரெண்டு நட்டு கால் சுத்து போச்சு.