ஸ்கிராட்ச் 3: முதல் அனிமேஷன் சொல்லித்தர ஏற்ற கருவியா?

எட்டு வயதுப் பிள்ளையோ, நிரல் என்றாலே ஒதுங்கும் பெரியவரோ, அனிமேஷன் வழியாக நிரலாக்கத்துக்குள் வர ஸ்கிராட்சைவிட நல்ல வாசல் வேறில்லை. ஆனால் வகுப்பு எடுக்கும் பலர், ஒன்றோடொன்று கோத்து நிரல் அமைக்கும் கட்டளைத் துண்டுகளான பிளாக்குகளை நிறம் நிறமாக ஒவ்வொன்றாய் அறிமுகப்படுத்தியே முதல் வாரத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். அனிமேஷனில் முதலில் பிடிபட வேண்டியது நேரம்: எது முன்னால், எது பின்னால், எது ஒரே சமயத்தில். ஸ்கிராட்சில் டைம்லைன், அதாவது காட்சிகளை நேர வரிசையில் அடுக்கும் பட்டை, கிடையாது. அதனாலேயே மாணவர் நேரத்தைத் தன் கையால் கட்ட வேண்டியிருக்கிறது. நிரலாக்கம் அங்கேதான் உள்ளே வருகிறது.

எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு உருவாக்கி 2007இல் வெளியிட்ட கருவி இது. 2019 ஜனவரியில் வந்த 3.0 பதிப்பு, ஃபிளாஷ் என்ற கூடுதல் மென்பொருள் இல்லாமல் பிரவுசரிலேயே ஓடுகிறது. முழுக்க இலவசம். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் இடம்பெற்றிருக்கிறது. இணையம் இல்லாத ஆய்வகத்துக்கு விண்டோஸ், மேக் செயலிகள் உண்டு. லினக்ஸுக்கு அதிகாரப்பூர்வச் செயலி இல்லை. அங்கே ஸ்கிராட்சைத் தழுவி வேறொருவர் உருவாக்கிய டர்போவார்ப் டெஸ்க்டாப் கைகொடுக்கும். போன் திரையில் பிளாக் இழுப்பது வேதனை, டேப்லெட் பரவாயில்லை. ஏழு வயதுக்குக் கீழே என்றால் ஸ்கிராட்ச் ஜூனியர்தான் சரி.

முதல் பாடத்துக்கு, ஸ்கிராட்சைத் திறந்ததும் மேடையில் நிற்கும் பூனையே போதும். அதற்கு இரண்டு காஸ்டியூம் (தோற்றப் படம்) ஏற்கெனவே இருக்கிறது. பச்சைக்கொடி பிளாக், அதன் கீழே 'ரிப்பீட் 10', அதற்குள் 'மூவ் 10 ஸ்டெப்ஸ்', 'நெக்ஸ்ட் காஸ்டியூம்', 'வெயிட் 0.1'. பூனை 100 புள்ளி தூரத்தை ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நடந்து கடக்கும். இப்போது அந்த 'வெயிட்' பிளாக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஸ்கிராட்ச் விநாடிக்கு 30 முறை திரையைப் புதுப்பிக்கிறது, அதனால் கால்கள் படபடவென்று அடித்து, நடை மூன்றில் ஒரு விநாடியில் முடிந்துவிடும். 'வெயிட்' எதற்கு என்று அதன் பிறகு விளக்கவே வேண்டாம்.

அடுத்து 'ரிப்பீட்' இருந்த இடத்தில் ஓயாமல் திருப்பிச் செய்யும் 'ஃபார்எவர்' போட்டு, 'இஃப் ஆன் எட்ஜ், பவுன்ஸ்' சேர்த்தால் பூனை சுவரில் மோதித் தலைகீழாகத் திரும்பும். எல்லா வகுப்பிலும் இது நடக்கும். சுழலும் முறை முழுவட்டமாக இருப்பதே காரணம். 'செட் ரொட்டேஷன் ஸ்டைல் லெஃப்ட்-ரைட்' பிளாக்கை மேலே வைத்தால் சரியாகிவிடும்.

மாணவர்கள் அதிகம் திணறும் இடம் 'கிளைடு', குறித்த விநாடிகளில் ஓரிடத்துக்கு நகர்த்தும் பிளாக். மூன்று விநாடி கிளைடு முடியும்வரை அதன் கீழே உள்ள பிளாக் எதுவும் ஓடாது, ஆகவே கால் அசையாமல் பூனை வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவதாக ஒரு பச்சைக்கொடி அடுக்கு போட்டு, அதில் 'ஃபார்எவர்', 'நெக்ஸ்ட் காஸ்டியூம்', 'வெயிட் 0.15' வையுங்கள். கிளைடு முடிந்த இடத்தில் 'ஸ்டாப் அதர் ஸ்க்ரிப்ட்ஸ் இன் ஸ்ப்ரைட்' வைத்தால் நடையும் நிற்கும். இரண்டு அடுக்குகள் ஒரே நேரத்தில் ஓடும் என்ற கருத்தை இவ்வளவு சுலபமாகக் காட்டும் கருவி வேறொன்று தெரியவில்லை. (கிளைடுக்கு எண்களைத் தட்டவே வேண்டாம். பூனையை வேண்டிய இடத்துக்கு இழுத்து வைத்தால், இடப்பக்கப் பட்டியலில் உள்ள பிளாக் அந்த எக்ஸ், ஒய் எண்களைத் தானே எடுத்துக்கொள்ளும்.)

"நேற்று ஓடுச்சு சார், இன்னைக்கு ஓடல" என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பச்சைக்கொடியை அழுத்தினால் மங்கல், நிறமாற்றம் போன்ற எஃபெக்ட்கள் தாமாக நீங்கும். இடம், அளவு, திசை, 'ஹைட்' (மறைத்தல்) இவை நீங்காது. முந்தைய ஓட்டத்தின் கடைசியில் மறைந்த ஸ்ப்ரைட் (பூனை போன்ற மேடை உருவம்) மறைந்தே கிடக்கும். ஒவ்வொரு ஸ்ப்ரைட்டின் தொடக்கத்திலும் 'கோ டு', 'செட் சைஸ் 100', 'பாயின்ட் இன் டைரக்‌ஷன் 90', 'ஷோ' என்ற நான்கையும் வைக்கும் பழக்கத்தை இரண்டாவது பாடத்திலேயே ஏற்படுத்திவிட வேண்டும்.

உரையாடல் காட்சிக்கு எல்லாரும் 'வெயிட் 2', 'வெயிட் 4' என்று எண்ணிக்கொண்டு போவார்கள். முதல் வசனத்தை ஒரு விநாடி நீட்டினால் பின்னால் வருவதெல்லாம் சரியும். 'பிராட்காஸ்ட்' பயன்படுத்துங்கள்: ஒருவர் பேசி முடித்ததும் செய்தி அனுப்ப, மற்றவர் அதைப் பெற்றதும் பேசுவார். செய்திக்கு 'ராணி பேசு' என்பதுபோலத் தனித்தனிப் பெயர் வேண்டும். தானாக வரும் 'மெசேஜ்1' என்பதையே எல்லாரும் வைத்தால் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். குரல் பதிவு செய்திருந்தால், விநாடி குறிக்காத 'சே', அதன்பின் 'ப்ளே சவுண்ட் அன்டில் டன்', அதன்பின் வெற்று 'சே' என்று அடுக்குங்கள். குரல் நீளத்துக்குச் சரியாக வசனக் குமிழி நிற்கும்.

குதிக்கும் காட்சியில் கொஞ்சம் கணிதமும் சேரும். 'வேகம்' என்று ஒரு வேரியபிள் (மாறும் எண்ணை வைத்திருக்கும் பெயர்), தொடக்கம் 12. 'ரிப்பீட் 25', அதற்குள் 'சேஞ்ச் ஒய் பை வேகம்', 'சேஞ்ச் வேகம் பை -1'. பூனை 78 புள்ளி உயரம் எழும்பி, தொடங்கிய இடத்துக்கே இறங்கும். மேலே போகப்போக மெதுவாகும், இறங்கும்போது விரையும். பத்துப் பத்தாக ஏறி இறங்கும் குதியைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஈர்ப்பு விசை கண்ணுக்குத் தெரியும்.

வரைதல் பகுதி சுமார்தான். கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கும் வெக்டர் முறையிலேயே வரையச் சொல்லுங்கள். புள்ளிகளாகச் சேமிக்கும் பிட்மேப் பெரிதாக்கினால் மங்கும். புதிய காஸ்டியூமை வெற்றுத்தாளில் தொடங்கினால் மையப்புள்ளி மாறி உருவம் துள்ளும். பழையதை டூப்ளிகேட் செய்து கை, கால்களை மட்டும் நகர்த்துவதே வழி.

குறைகளும் உண்டு. மேடை அளவு 480க்கு 360 மட்டுமே. ஸ்ப்ரைட்டை மேடைக்கு வெளியே முழுதாகத் தள்ள முடியாது, ஒரு ஓரம் தெரிந்துகொண்டே இருக்கும். 'ஹைட்' போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். ஷிஃப்ட் விசையோடு கொடியை அழுத்தினால் டர்போ முறை விழித்துக்கொள்ளும், 'வெயிட்' இல்லாத லூப்கள் ('ரிப்பீட்' போன்ற சுழற்சிகள்) எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடியும். அது என்ன என்று தெரியாத மாணவர் தன் நிரலைக் குற்றம் சொல்வார். கணக்கில் நுழையாமல் வேலை செய்பவர் 'சேவ் டு யுவர் கம்ப்யூட்டர்' கொடுத்து எஸ்பி3 கோப்பை இறக்கிக்கொள்ளாவிட்டால், பிரவுசரை மூடியதும் எல்லாம் போய்விடும். வீடியோவாக ஏற்றுமதி செய்ய வசதி இல்லை, ஆகவே வீட்டாருக்கு அனுப்ப ஸ்கிரீன் ரெக்கார்டர் வேண்டும். அல்லது டர்போவார்ப் பேக்கேஜரில் எஸ்பி3 கோப்பைக் கொடுத்து ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக மாற்றுங்கள், பிரவுசர் உள்ள எந்தக் கணினியிலும் திறக்கும்.