சுங்க வரியா, குடியேற்றத் தடையா?

உள்நாட்டுத் தொழிலாளியைக் காப்பாற்ற அமெரிக்காவில் இரண்டு வழி சொல்கிறார்கள்: வெளிநாட்டுப் பொருளுக்கு வரி, வெளிநாட்டு ஆளுக்குத் தடை.

வரிச் சுமை கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது. 2018இல் இறக்குமதி வாஷிங் மெஷினுக்கு வரி போட்டார்கள். வரியே இல்லாத துணி உலர்த்தும் இயந்திரமும் சேர்ந்து விலை ஏறியது. அங்கே இரண்டையும் ஜோடியாக வாங்குவதுதான் வழக்கம். கொஞ்சம் வேலைவாய்ப்பு வந்தது, அதை மறுக்கவில்லை.

மெக்சிகோ விவசாயக் கூலிகளை ஒப்பந்தத்தில் அழைத்துவந்த பிராசெரோ திட்டம் 1964இல் முடிந்தது. வெளி ஆள் வரத்து நின்றால் உள்நாட்டுத் தொழிலாளிக்குக் கூலி உயரும் என்று எதிர்பார்த்தார்கள்; உயரவில்லை. கலிஃபோர்னியா தக்காளி வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கியது. அதன் அடியைத் தாங்கும் கெட்டியான தக்காளி ரகமும் ஏற்கெனவே தயாராக இருந்தது!

ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் எனக்கு வரியே பரவாயில்லை. தப்பென்று தெரிந்தால் ஒரு உத்தரவில் நீக்கிவிடலாம். ஊரைவிட்டு அனுப்பப்பட்ட குடும்பத்துக்கு அறுந்துபோன வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் எந்த உத்தரவு திருப்பித் தரும்?