பூனைக்குப் பச்சைக் கறியோடு கலக்கும் பிரீமிக்ஸ் பொடி: சத்துக்கு நம்பலாம், கிருமிக்கு நம்பாதீர்கள்

யாருக்கு இந்தப் பொடி தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் இதோடு கிளம்பிவிடலாம். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவர்களோ, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களோ இருந்தால் பூனைக்குப் பச்சைக் கறி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், அது இன்னும் வளர்கிற குட்டியாக இருந்தாலும், மருத்துவர் தனியாகக் கணக்குப் போட்டுத் தராமல் வீட்டுச் சமையல் எதுவும் வேண்டாம். மீதிப் பேருக்குத்தான் இந்த விமர்சனம்.

பொருள் என்னவென்றால், எலும்பு நீக்கிய கறியோடும் தண்ணீரோடும் கலந்தால் பூனைக்கு முழு உணவாகிவிடும் என்று சொல்லி விற்கப்படும் வெளிர்பழுப்பு நிறப் பொடி. கால்சியம் கார்பனேட், டாரைன் என்ற அமினோ அமிலம், வைட்டமின் ஈ, பி வகை வைட்டமின்கள், துத்தநாகம், மாங்கனீசு, அயோடினுக்காகக் கடல்பாசி, காய்ந்த முட்டை மஞ்சள் கரு, கொஞ்சம் இசப்கோல் உமி, இவ்வளவுதான் உள்ளே. திறந்ததும் ஈஸ்ட் வாடையும் முட்டை வாடையும் சேர்ந்து வரும். நமக்குப் பிடிக்காது, பூனைக்கு அதுதான் பிடிக்கிறது. இரண்டு வகையில் வருகிறது: ஈரல் பொடியும் சேர்ந்தது ஒன்று, ஈரலை நாமே சேர்க்க வேண்டியது இன்னொன்று. நான் வாங்கியது இரண்டாவது.

இந்தப் பொடி எதற்கு, பூனை கறி தின்கிற பிராணிதானே, வெறும் கறியைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. போதாது. பூனை எலியைப் பிடித்தால் அதன் சதையை மட்டும் பிய்த்துத் தின்பதில்லை, எலும்பு, ஈரல், மூளை, ரத்தம் எல்லாம் உள்ளே போகிறது. நாம் போடுவது சதை மட்டும். 100 கிராம் கோழிச் சதையில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும், கால்சியம் 10 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். பூனைக்கு வேண்டியதோ பாஸ்பரஸைவிடக் கொஞ்சம் கூடுதலான கால்சியம். இந்தக் கணக்கு தலைகீழாகக் கிடந்தால் உடம்பு ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்டத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். வெறும் சதை தின்று வளர்ந்த குட்டிகள் கட்டிலிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருவது இதனால்தான்.

டாரைன் விஷயம் இதைவிட முக்கியம். பூனையின் உடம்பு தனக்குத் தேவையான அளவு டாரைனைத் தானே செய்துகொள்ளாது, பித்தநீருக்கு வேறு அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். டாரைன் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975-இலேயே தெரிந்துவிட்டது. 1987-இல் அமெரிக்காவில் பால் பியனும் அவரோடு இருந்தவர்களும், இதயம் வீங்கித் தளர்ந்து செத்துக்கொண்டிருந்த பூனைகளின் ரத்தத்தில் டாரைன் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். டாரைன் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. அந்தப் பூனைகள் தின்றது வீட்டுச் சாப்பாடு அல்ல, கடையில் வாங்கிய தீனி, அதுவும் அன்றைய அளவுகோலின்படி போதுமான டாரைன் உள்ள தீனி. அதற்குப் பிறகுதான் தீனிக் கம்பெனிகள் டாரைன் அளவைக் கூட்டின.

பச்சையாகக் கொடுத்தால் டாரைன் தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் முழு முயலை எலும்போடும் உள்ளுறுப்புகளோடும் அரைத்துப் பச்சையாகவே பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பூனைகளின் முடியும் மலமும் பார்க்க அருமையாக இருந்தன. அப்புறம் ஒரு பூனை திடீரென்று செத்தது, காரணம் டாரைன் குறைவால் வந்த இதயத் தசை நோய். பச்சைக் கறிக் கட்சிக்காரர்கள் எப்போதும் தூக்கிப் பிடிக்கும் பாட்டெஞ்சர் என்ற மருத்துவரின் பூனைச் சோதனை 1932 முதல் 1942 வரை நடந்தது. சமைத்த கறி தின்ற பூனைகள் தலைமுறை தலைமுறையாக நலிந்தன என்பார்கள், சரி, ஆனால் பூனைக்கு டாரைன் கட்டாயம் தேவை என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. சமைத்ததால் நலிந்ததா, டாரைன் இல்லாமல் நலிந்ததா என்று அந்தச் சோதனையை வைத்து எப்படி முடிவு கட்டுவது?

ஆக, பொடி என்ற யோசனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 80:10:10 என்று கறி, எலும்பு, உள்ளுறுப்பு விகிதத்தை வேதவாக்குபோல் சொல்லித் திரிகிறார்களே, அதில் வைட்டமின் ஈ, மாங்கனீசு, அயோடின் எல்லாம் குறைவாகவே இருக்கும். அந்த விகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதைவிடப் பொடி நூறு மடங்கு மேல்.

இனி பயன்படுத்திய அனுபவம். கறியில் நேரடியாகத் தூவினால் ஒரு பக்கம் கட்டியாகத் திரளும், ஒரு வாய் முழுக்கப் பொடி, அடுத்த வாயில் ஒன்றுமே இல்லை. முதலில் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, அதைக் கறியில் பிசைந்தால் சீராகப் பரவுகிறது. எங்கள் வீட்டுப் பூனைகளில் மிட்டாய் முதல் நாளே தட்டை நக்கிக் காலி செய்துவிட்டாள். கருப்பி மோந்து பார்த்துவிட்டு, ஏதோ நான் அவளை அவமானப்படுத்திவிட்டதுபோல் வாலைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு வழக்கமான தீனியில் ஒரு துளி, மறுநாள் இன்னொரு துளி என்று மெதுவாகத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போடுகிற வேலையை மட்டும் பூனையிடம் செய்யவே கூடாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால், அதிலும் குண்டுப் பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். நாய்க்குச் செய்கிற பிடிவாத வைத்தியம் இங்கே செல்லாது.

பாக்கெட்டோடு ஒரு பிளாஸ்டிக் கரண்டி தருகிறார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அளவு எல்லாம் கரண்டிக் கணக்கில்தான் அச்சிட்டிருக்கிறார்கள், ஆனால் பொடி அடியில் இறுகிக் கிடக்கும்போது ஒரு கரண்டியின் எடை ஒன்று, குலுக்கி எடுத்தால் வேறொன்று. கிராம் காட்டும் சின்ன தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். கிராம் கணக்கு பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, அதை முன்னால் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துபோகும் என்று தெரியவில்லை.

அதைவிடப் பெரிய குறை, டாரைன் இவ்வளவு, கால்சியம் இவ்வளவு என்று எண்ணிக்கையாக எதுவும் பாக்கெட்டில் இல்லை. 'போதுமான டாரைன் சேர்க்கப்பட்டது' என்ற ஒரு வரி மட்டும். முழு சத்துப் பகுப்பாய்வை அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்டேன், பளபளப்பான விளம்பரத் தாள் ஒன்று வந்தது, அதில் ஒரு பூனை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, எண் ஒன்றும் இல்லை. வேறு பொடி வாங்குகிறவர்களும் இதைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் பிராணித் தீனிக்குத் தரம் வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) சங்கத்தின் அளவுகோலில் வளர்ந்த பூனைக்கு, ஈரத்தைக் கழித்த எடையில் கால்சியம் குறைந்தது 0.6 சதவீதம், பாஸ்பரஸ் 0.5 சதவீதம், டாரைன் உலர் தீனிக்கு 0.1, டப்பாத் தீனிக்கு 0.2 சதவீதம் இருக்க வேண்டும். கலந்து முடித்த உணவில் இவை எவ்வளவு வரும் என்று சொல்லத் தெரியாத கம்பெனி 'முழு உணவு' என்ற சொல்லை அட்டையில் போடக்கூடாது.

ஈரல் சேர்க்காத பொடி வாங்கினால் ஈரலையும் தராசில் வைத்தே போடுங்கள். பூனையால் காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்ற முடியாது, ஆகையால் ஈரல் கட்டாயம். மொத்தக் கலவையில் 5 சதவீதம் அளவில் போடுவது வழக்கம், பாக்கெட்டும் அதையேதான் சொல்கிறது. பூனை ஆசையாகத் தின்கிறதே என்று தினமும் ஈரலாகவே கொடுத்தால் வைட்டமின் ஏ மிதமிஞ்சிக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தலையைத் திருப்பவே முடியாமல் போகும். இன்னொன்று, எலும்போடு அரைத்த கறியில் இந்தப் பொடியைக் கலக்கக் கூடாது. எலும்பிலும் கால்சியம், பொடியிலும் கால்சியம், மலம் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து இறுகிப் பூனை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்த எச்சரிக்கையை பாக்கெட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு நல்ல மதிப்பெண்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். அதே பாக்கெட்டில் 'கறியை 48 மணிநேரம் ஃப்ரீசரில் வைத்தால் பச்சையாகக் கொடுப்பது பாதுகாப்பானது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது தப்பு. நன்றாக உறையவைத்துப் பல நாள் வைத்தால் டாக்ஸோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணியின் கூடுகள் சாகும். சால்மோனெல்லா, லிஸ்டீரியா என்ற பாக்டீரியாக்கள் சாகாது, குளிரில் சும்மா தூங்கும், இளகியதும் எழுந்துகொள்ளும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில் கடையில் விற்ற 196 பச்சைக்கறித் தீனி மாதிரிகளைச் சோதித்தபோது 15-இல் சால்மோனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியாவும் இருந்தன. பறவைக் காய்ச்சல் வைரஸும் உறையவைப்பதால் ஒழிவதில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உறையவைத்த பச்சை வான்கோழித் தீனி தின்ற வீட்டுப்பூனை ஒன்று எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்து செத்தது, தீனியிலும் பூனையிலும் இருந்தது ஒரே வைரஸ்தான் என்று மரபணு பார்த்து உறுதி செய்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பிரிட்டனில் பச்சை மான்கறித் தீனியோடு தொடர்புபடுத்தப்பட்டுப் பூனைகளுக்குக் காசநோய் பரவியது. பன்றிக் கறியைப் பச்சையாகக் கொடுத்தால் ஆஜெஸ்கி நோய் என்ற ஒன்று இருக்கிறது, அந்த நோய் இருக்கும் பகுதியில் அது பூனைக்கு எமன்.

'பூனையின் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் எரித்துவிடும்' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். எரிக்கட்டும். பூனைக்கு ஒன்றும் ஆகாமலேயே அதன் மலத்தில் சால்மோனெல்லா வெளியே வரும், மணல் தட்டைச் சுத்தம் செய்கிறவர் நீங்கள். கறி தின்ற வாயால் முடியை நக்கிவிட்டு உங்கள் தலையணையில் படுப்பதும் அதே பூனைதான்.

அதனால் நான் இந்தப் பொடியைச் சமைத்த கறியில்தான் கலக்கிறேன். பச்சைக் கறிக்காரர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். உலர் தீனியில் தண்ணீர் சுமார் 10 சதவீதம்தான், கறியில் 70-க்கு மேல், தண்ணீர் குடிக்கச் சோம்பல்படும் பிராணிக்கு அது பெரிய லாபம். அந்த லாபம் சமைத்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. புரதமும் எங்கேயும் ஓடிவிடவில்லை. மலம் குறைந்திருக்கிறது, நாற்றமும் குறைந்திருக்கிறது. சமைத்தால் டாரைன் அழிந்துவிடும் என்பார்கள், அது பெரும்பாலும் அழிவதில்லை, தண்ணீரில் இறங்கிவிடுகிறது. ஆகவே கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடும்வரை வேகவைத்து, அந்தச் சாற்றைக் கொட்டாமல் கலவையிலேயே ஊற்றிவிட வேண்டும். மார்புக் கறியைவிடத் தொடைக் கறியில் டாரைன் பல மடங்கு அதிகம், அதை எடுங்கள், இதயம் கிடைத்தால் அதையும் சேருங்கள். உப்பு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பக்கத்திலேயே வரக்கூடாது, பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். நன்றாக ஆறிய பிறகுதான் பொடி, சூட்டில் போட்டால் பி வைட்டமின்கள் வீணாகும். பொடியின் அளவைக் கறியின் பச்சை எடைக்குக் கணக்கிட வேண்டும், வெந்தபின் சுருங்கிய எடைக்கு அல்ல. இந்த விவரம் பாக்கெட்டில் ஒரு வரிகூட இல்லை, சமைத்த கறிக்கும் உகந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு வளர்ந்த பூனை ஒரு நாளில் தன் எடையில் 2 முதல் 4 சதவீதம் வரை தின்னும் என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி சின்ன டப்பாக்களில் பிரித்து உறையவைத்துக்கொள்கிறேன். இளகவைப்பது ஃப்ரிட்ஜுக்குள்தான், சமையல் மேடையில் அல்ல. மாதக்கணக்கில் இதையே கொடுப்பதாக இருந்தால் நடுவில் மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், கணக்கு எங்கே பிசகியிருக்கிறது என்று முடியின் மினுமினுப்பைப் பார்த்துத் தெரியாது.

பாக்கெட்டின் ஜிப் சில முறை திறந்ததிலேயே பிய்ந்துவிட்டது. மஞ்சள் கருவில் கொழுப்பு இருப்பதால் காற்றுப் பட்டால் பொடி சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் கருப்பி என்ன, மிட்டாய்கூடத் தொடமாட்டாள். வாங்கிய அன்றே இறுக்கமான மூடி உள்ள கண்ணாடி ஜாடிக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பெரிய பாக்கெட் லாபம் என்று வாங்க வேண்டாம், ஒரு பூனைக்கு அது தீர்வதற்குள் கெட்டுவிடும்.