செல்ட்னமா, எய்ன்ட்ரீயா? குதிரை தேர்ந்தெடுக்க எது நல்ல நாள்

குதிரை ரேஸ் என்றாலே நம் ஆட்களுக்கு நினைவு வருவது கிண்டிதான். என் பெரியப்பா ரேஸ் நாளன்று காலையிலேயே ரேஸ் புத்தகத்தை விரித்து, பென்சிலோடு உட்கார்ந்துவிடுவார். வின் (ஜெயிப்பது), பிளேஸ் (முதல் சில இடங்களுக்குள் வருவது), லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) எல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட சொற்கள். ஆனால் கிண்டியிலும் ஊட்டியிலும் பார்த்ததெல்லாம் சமதள ஓட்டம். வேலியும் தடையும் தாண்டி ஓடும் ஜம்ப் ரேஸ் வேறு உலகம். அதன் தாய்வீடு இங்கிலாந்தும் அயர்லாந்தும். அக்டோபரில் சூடு பிடித்து ஏப்ரலில் உச்சத்துக்கு வரும் அந்தப் பருவத்தில் இரண்டு நாட்களை மட்டும் பார்த்தால் போதும் என்று யாராவது கேட்டால், ஒன்று மார்ச் மாதம் செல்ட்னம் திருவிழாவின் கடைசி நாளான கோல்டு கப் வெள்ளி, இன்னொன்று ஏப்ரலில் லிவர்பூல் பக்கத்து எய்ன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் சனி.

இந்த இரண்டில், உட்கார்ந்து யோசித்து ஒரு குதிரையைத் தேர்ந்தெடுக்க எது நல்ல நாள்? "கோல்டு கப் அறிவாளிகளின் ரேஸ், நேஷனல் கண்ணை மூடிக்கொண்டு பெயர் பார்த்துத் தொடும் லாட்டரி" என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பதில். பல வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது நம்பவில்லை. பணம் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம், உங்கள் ஊர்ச் சட்டம். நான் பேசப்போவது தேர்வைப் பற்றி மட்டும்.

முதலில் கோல்டு கப். 3 மைல் இரண்டரை ஃபர்லாங், 22 வேலிகள், கிலோமீட்டரில் சொன்னால் 5.3. கடைசி வேலியைத் தாண்டிய பிறகு மேடு ஏற வேண்டும், அந்த மேட்டில்தான் பல பேரின் கனவு கலைந்திருக்கிறது. எடையில் யாருக்கும் சலுகை கிடையாது. ஆண் குதிரை என்றால் 11 ஸ்டோன் 10 பவுண்டு, அதாவது 74 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெண் குதிரைக்கு மட்டும் 7 பவுண்டு குறைவு. ஆக, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருக்கும் ஆகச் சிறந்த நெடுந்தூரக் குதிரைகள் ஒரே எடையோடு நேருக்கு நேர் மோதுகின்றன. பத்துப் பன்னிரண்டு குதிரைகள்தான் ஓடும், எல்லாவற்றையும் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்திருப்போம். ஃபார்ம், அதாவது குதிரையின் முந்தைய ஓட்டங்களின் பதிவு, படிக்கத் தெரிந்தவருக்கு இதைவிடச் சுத்தமான கேள்வித்தாள் கிடைக்காது.

முடிவுகளும் அதையேதான் சொல்கின்றன. 2020, 2022, 2023, 2024 நான்கு வருடமும் ஃபேவரிட்தான் (விலை மிகக் குறைவான, எல்லோரும் எதிர்பார்த்த குதிரை) ஜெயித்தது. ஆல் பூம் ஃபோட்டோ, ஆ ப்ளு தார், அப்புறம் இரண்டு முறை காலோபின் டி ஷான். 2022-இல் ஆ ப்ளு தார் 15 லெங்த்தில் ஜெயித்தபோது மேலே இருந்தவர் ரேச்சல் பிளாக்மோர், கோல்டு கப் வென்ற முதல் பெண் ஜாக்கி. அதற்கு முந்தைய வருடம் அதே பயிற்சியாளரின் இரண்டு குதிரைகளில் அவர் ஆ ப்ளு தாரைத் தேர்ந்தெடுத்தார், இன்னொன்றான மினெல்லா இண்டோ ஜெயித்துவிட்டது! தினமும் அந்தக் குதிரைகளோடு பழகும் ஜாக்கிக்கே ஒரு வருடம் முன்னே பின்னே ஆகிறது என்றால், வெளியிலிருந்து பார்க்கும் நாம் கொஞ்சம் பொறுமையாக இருப்பதில் தப்பில்லை.

சரி, அப்படியானால் கோல்டு கப்பில் என்ன குறை? விலை, அதாவது ஒரு ரூபாய் வைத்து ஜெயித்தால் எத்தனை ரூபாய் லாபம் என்ற விகிதம். எது நல்ல குதிரை என்று உங்களுக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும். 2024-இல் காலோபின் டி ஷானுக்கு ஒன்றுக்கு ஒன்று கூடக் கிடைக்கவில்லை. சரியாகச் சொன்ன திருப்தி மட்டும்தான் மிச்சம், அதைத்தான் எல்லோரும் சொல்லியிருந்தார்களே.

இன்னொரு குறை, யாரும் பெரிதாகப் பேசாதது: அந்த வெள்ளிக்கிழமையின் மற்ற ரேஸ்கள். முதல் ரேஸ் டிரையம்ஃப் ஹர்டில் (ஹர்டில் என்றால் வேலியைவிடச் சிறிய தடைகள்), நான்கு வயதுக் குட்டிகளின் ஓட்டம். எந்தக் குதிரையைப் பற்றியும் இரண்டு மூன்று ஓட்டத்துக்கு மேல் சான்று இருக்காது. 2025-இல் போனிரோஸ் என்ற குதிரை 100/1 (ஒன்றுக்கு நூறு) விலையில் ஜெயித்தது, அது தடை ஓட்டத்தில் இறங்கியதே அன்றுதான் முதல்முறை. அதை எந்த ஃபார்ம் புத்தகத்தில் தேடுவீர்கள்? அப்புறம் ஆல்பர்ட் பார்ட்லெட், மூன்று மைல் நாவிஸ் (இந்த வகை ஓட்டத்துக்குப் புதிய குதிரைகளின்) ஹர்டில். ஜெயித்த குதிரைகளின் விலை 2014-இல் 33/1, 2018-இல் 33/1, 2019-இல் 50/1, 2024-இல் மறுபடி 33/1. அந்த 50/1 குதிரை வேறு யாருமில்லை, பிற்பாடு கோல்டு கப் வென்ற அதே மினெல்லா இண்டோ. திறமை இருந்திருக்கிறது, ஆனால் அதைக் காட்டும் சான்று அன்றைக்கு இல்லை. நடுவில் கவுன்ட்டி ஹர்டில், இருபதுக்கு மேற்பட்ட குதிரைகள் முட்டிமோதும் ஹேண்டிகேப், அதாவது திறமை கூடிய குதிரைக்கு எடையும் கூட்டிச் சமப்படுத்தும் ஓட்டம். அதாவது கோல்டு கப் நாளில் நடு மட்டும் கெட்டி, ஓரமெல்லாம் சதுப்பு. காலையிலிருந்து எல்லா ரேஸிலும் கை வைத்தவர் நாலு மணிக்குக் கோல்டு கப் வரும்போது களைத்துப்போயிருப்பார்.

எய்ன்ட்ரீயில் இது அப்படியே தலைகீழ். அங்கே ஓரத்தில் இருக்கும் ரேஸ்கள் படிக்கக்கூடியவை. மாகல் நாவிஸ் சேஸ் (சேஸ் என்றால் பெரிய வேலிகள் தாண்டும் ஓட்டம்), மெர்சி நாவிஸ் ஹர்டில், மூன்று மைல் லிவர்பூல் ஹர்டில் இவற்றில் ஓட வரும் குதிரைகளின் பருவம் முழுக்கக் கையில் இருக்கும், பாதிக் குதிரைகள் மூன்று நான்கு வாரம் முன்பு செல்ட்னத்தில் ஓடியவை. கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: செல்ட்னம் மேட்டில் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வந்திருக்கிறதா, அல்லது அதைத் தவிர்த்துவிட்டுப் புதுத் தெம்போடு வந்திருக்கிறதா? எய்ன்ட்ரீ தட்டையான, வேகமான தடம். செல்ட்னத்தில் கடைசி மேட்டில் மட்டும் தோற்ற குதிரை இங்கே வேறு குதிரையாக ஓடலாம். அங்கே இரண்டாவது வந்த குதிரையை இங்கே கண்டிப்பாகத் திரும்பிப் பார்ப்பது என் வழக்கம்.

இப்போது நேஷனலுக்கு வருவோம், அதில்தானே சண்டை.

4 மைல் இரண்டரை ஃபர்லாங், ஏறத்தாழ 6.9 கிலோமீட்டர். 16 வேலிகள், அவற்றில் 14-ஐ இரண்டு முறை தாண்ட வேண்டும், ஆக மொத்தம் 30 தாண்டல். பீச்சர்ஸ் புரூக், கேனால் டர்ன், தி சேர் என்று ஒவ்வொரு வேலிக்கும் ஒரு புராணம் உண்டு. கடைசி வேலிக்கு அப்புறம் 494 கஜம் ஓட வேண்டும், அந்தத் தூரத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்த எத்தனையோ குதிரைகள் கால் தளர்ந்து நின்றிருக்கின்றன. 1967-இல் ஒரு வேலியில் மொத்தக் கூட்டமும் சிக்கி நிற்க, பின்னால் வந்த ஃபாயினவன் மட்டும் தாண்டிப் போய் 100/1-இல் ஜெயித்தது. அந்த வேலிக்கே இன்று அதன் பெயர்தான். லாட்டரி என்ற பேச்சுக்கு இந்த மாதிரிக் கதைகள்தான் காரணம்.

ஆனால் அந்த நேஷனல் இப்போது இல்லை. 2013-இல் வேலிகளுக்கு உள்ளே இருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டு வளைந்துகொடுக்கும் பொருளை வைத்தார்கள். 2024-இல் 40 குதிரைகளை 34 ஆகக் குறைத்தார்கள், முதல் வேலியைப் புறப்படும் இடத்துக்கு 60 கஜம் பக்கத்தில் கொண்டுவந்தார்கள், அப்போதுதான் அதை நோக்கித் தலைதெறிக்க ஓட மாட்டார்கள். நுழைவதற்கான குறைந்தபட்ச ரேட்டிங்கை (குதிரையின் திறமைக்குத் தரும் மதிப்பெண்) 125-இலிருந்து 130 ஆக்கினார்கள். அந்த வருடம் 32 குதிரைகள் ஓடின, ஒன்றுகூட விழவில்லை. குதிரைகளை நேசிக்கிறவர்களுக்கு அந்தச் செய்திதான் அன்றைய பெரிய வெற்றி. ஆபத்து அதோடு தீர்ந்துவிடவும் இல்லை. அடுத்த வருடமே 13 வயது செலெப்ர் டாலென் ஓட்டத்தின் முடிவில் சரிந்து, சில நாட்களில் இறந்துபோனது. அதை மறந்துவிட்டு இந்த ரேஸைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

தேர்வு செய்கிறவருக்கு இந்த மாற்றங்களின் பொருள் என்ன? விழுவதும் நெரிசலும் குறைந்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது, தரத்தின் பங்கு கூடுகிறது. "11 ஸ்டோனுக்கு மேல் சுமக்கும் குதிரையைத் தொடாதே" என்பது பழைய விதி. 2024-இல் ஐ ஆம் மாக்ஸிமஸ் 11 ஸ்டோன் 6 பவுண்டு சுமந்து ஏழரை லெங்த்தில் ஜெயித்தது. 2025-இல் நிக் ராக்கெட் 11 ஸ்டோன் 8, இரண்டாவது வந்த ஐ ஆம் மாக்ஸிமஸ் 11 ஸ்டோன் 12 சுமந்து ஓடியது. இரண்டு வருடத்தை வைத்து விதியை மாற்றலாமா என்று கேட்பீர்கள். 2021-லும் 2023-லும் ஜெயித்தவை பத்து ஸ்டோன் சில்லறை சுமந்த குதிரைகள்தானே என்பதும் நியாயம்தான். ஆனாலும் உள்ளே வரும் குதிரைகளின் தரம் கூடி, உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே இருக்கும் எடை வித்தியாசம் சுருங்கிவிட்ட நிலையில், நல்ல குதிரையை எடைக்காக மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது இனி தப்பு என்பது என் முடிவு.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, நான் கட்சி மாறியதே அதனால்தான். நேஷனல் ஒரு ஹேண்டிகேப். எந்தக் குதிரை எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதை பிப்ரவரியிலேயே அறிவித்துவிடுவார்கள், ரேஸ் நடப்பது ஏப்ரலில். நடுவில் ஒரு குதிரை எவ்வளவு முன்னேறினாலும் அதன் எடை ஏறாது. எடை பிப்ரவரியில் உறைந்துவிடுகிறது, குதிரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்று மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ ஒரு லெங்த் என்று கணக்கு வைப்பார்கள். எட்டு பவுண்டு குறைவாகச் சுமக்கும் குதிரைக்கு எட்டு லெங்த் தூரம் முன்னால் நிற்கவைத்து விட்ட மாதிரி.

இனி ஜெயித்தவர்களைப் பாருங்கள். ஐ ஆம் மாக்ஸிமஸ் எடை அறிவித்த பிறகு அயர்லாந்தின் ஃபேரிஹவுஸில் பாபிஜோ சேஸை ஜெயித்துவிட்டு வந்தது. நிக் ராக்கெட்டும் அதே பாபிஜோ சேஸை ஜெயித்துவிட்டு வந்தது. 2023-இல் கோராக் ராம்ப்லர் செல்ட்னத்தில் அல்டிமா ஹேண்டிகேப்பை ஜெயித்துவிட்டு வந்தது. 2018, 2019 இரண்டு வருடமும் டைகர் ரோல் மார்ச்சில் செல்ட்னம் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தை ஜெயித்துவிட்டு வந்தது. 2021-இல் ஜெயித்த மினெல்லா டைம்ஸும் 2022-இல் ஜெயித்த நோபிள் யீட்ஸும் இந்தக் கணக்கில் அடங்காதவை, அதை மறைக்கவில்லை. ஆனால் 2018 முதல் 2025 வரை நடந்த ஏழு நேஷனல்களில் ஐந்து (2020-இல் கொரோனாவால் ரேஸே இல்லை) இந்த ஒரே சல்லடையில் நிற்கின்றன. லாட்டரியில் இப்படிச் சல்லடை போட முடியுமா?

விலையையும் சேர்த்துப் பாருங்கள். இந்த ஐந்தும் போன விலை 10/1, 4/1, 8/1, 7/1, 33/1. கோல்டு கப்பில் இதே அளவு தெளிவான குதிரைக்கு இதில் பாதி கிடைத்தாலே பெரிது. நிக் ராக்கெட்டின் 33/1 இன்றும் எனக்கு வியப்புதான். பாபிஜோவோடு நிற்கவில்லை, ஜனவரியில் தைஸ்டஸ் சேஸையும் ஜெயித்திருந்தது, அயர்லாந்துப் பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸின் லாயத்துக் குதிரை, மேலே அவர் மகன் பேட்ரிக். அமெச்சூர் ஜாக்கி என்று மக்கள் ஒதுக்கியிருக்கலாம். அன்று முதல் மூன்று இடமும் மல்லின்ஸ் குதிரைகளுக்குத்தான், மகன் ஜெயித்ததைப் பார்த்து அந்தப் பெரிய மனிதர் பேச முடியாமல் அழுதார்.

இடத்துக்கு (பிளேஸுக்கு) வைப்பவர்களுக்கும் நேஷனல்தான் தாராளம். 16 அல்லது அதற்கு மேல் ஓடும் ஹேண்டிகேப்பில் வழக்கமான விதிப்படி முதல் நான்கு இடத்துக்கும் கால் பங்கு விலை உண்டு, கோல்டு கப்பில் மூன்று இடம், ஐந்தில் ஒரு பங்கு.

இரண்டு ரேஸையும் ஒரே வருடத்தில் வென்ற குதிரை கோல்டன் மில்லர் ஒன்றுதான், 1934-இல். 1932 முதல் 1936 வரை ஐந்து கோல்டு கப் தொடர்ந்து வென்ற குதிரை அது, ஆனாலும் எய்ன்ட்ரீயில் அந்த ஒரு தடவைதான். 2025-இல் அதைத் தொட ஒரு வாய்ப்பு வந்தது. ஐநோதவேயுர்திங்கின் என்ற ஏழு வயதுக் குதிரை நேஷனலுக்கென்றே தயாராகிக்கொண்டிருந்தது, அதன் எடையும் அறிவிக்கப்பட்டுவிட்டது. அப்புறம் 25,000 பவுண்டு கூடுதல் கட்டணம் கட்டி அதைக் கோல்டு கப்பில் சேர்த்தார்கள். அங்கே காலோபின் டி ஷானையே ஆறு லெங்த்தில் அடித்துவிட்டது! நேஷனலில் அந்த உறைந்த எடையோடு ஓடியிருந்தால் அதன் விலை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் உரிமையாளர் ஜே.பி. மக்மானஸ் குதிரையின் நலன் கருதி எய்ன்ட்ரீக்கு அனுப்பவில்லை. ரேஸ் ரசிகனாக ஏமாற்றம்தான், ஆனால் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆக, ஆகச் சிறந்த குதிரை எது என்று பார்த்து ரசிக்க கோல்டு கப். அந்த வெள்ளியன்று நான் கோல்டு கப்பில் மட்டும் ஒரு பெயர் சொல்வேன், டிரையம்ஃபையும் ஆல்பர்ட் பார்ட்லெட்டையும் வேடிக்கை மட்டும் பார்ப்பேன். தேடிக் கண்டுபிடிக்க நேஷனல். பிப்ரவரியில் எடைப் பட்டியல் வந்த அன்றே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாபிஜோ சேஸ், அல்டிமா, செல்ட்னத்தின் மற்ற நெடுந்தூர ஓட்டங்கள், இவற்றில் அந்தப் பட்டியலில் இருக்கும் பெயர் எது ஜெயித்தாலும் பென்சிலால் ஒரு கோடு. ரேஸுக்கு முந்தின நாள் தரை ஈரமா காய்ந்ததா என்று பார்த்து, அந்தத் தரையில் ஓடத் தெரியாததை அடித்துவிடுங்கள். கையில் மூன்று நான்கு பெயருக்கு மேல் மிஞ்சாது.