பழைய படத்தை ஸ்டூடியோவில் கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் அந்தத் தம்பி வாசலில் வந்து நிற்பான். இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஒரு கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் 2001இல் எடுத்தது. அடையாள அட்டை இல்லாதவர்களுக்குப் படம் பிடிக்க எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒருவர் வந்திருந்தார். அப்போதெல்லாம் அடையாள அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படம்தான். பிள்ளைக்காம்பரா, அதுதான் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம், அதன் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒவ்வொருவராக நிற்கவைத்துப் பிடித்தார். கடைசியில் பிலிமில் ஒன்று மிஞ்சியது. "பிள்ளைய நிப்பாட்டுங்க தங்கச்சி" என்றார். மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து பாதியில் இறங்கி வந்தவள், அன்றைக்கு எனக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கோடு படத்தில் விழ வெட்கம். ஓரமாக ஒதுங்கி நின்று, அவள் ஓடிவிடாமல் தோளை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் படத்தில் அவள் சிரிக்கவில்லை. அழப்போகிற வாய். ஒரு காலில் செருப்பு, மற்றக் காலில் இல்லை. அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. கன்னத்தில் நான் வைத்த கண்மைப் பொட்டைத் தேய்த்துக் காதுவரை இழுத்துவிட்டிருப்பாள். தோளில் என் பெருவிரலும் இரண்டு விரல்களும், நகக்கண்ணில் கொழுந்துக் கறையோடு. அடையாள அட்டையை விட்டால் அந்தக் காலத்து நான் என்று வீட்டில் இருந்தது அந்த மூன்று விரல்கள்தான்.

கண்ணாடிச் சட்டம் போட்டு சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். எங்கள் பக்கத்து மழையும் பனியும் தெரியும்தானே, சுவரே வேர்க்கும். ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போனது. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும், பெரிதாக்கிக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

"கம்ப்யூட்டர்ல புதுசு மாதிரி ஆக்கிறலாம்மா" என்றான் கடைத் தம்பி. 4,500 ரூபாய், முற்பணம் 2,000. ஒரு துண்டுச் சீட்டில் இலக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்தான். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை, என்ன வேலை என்றும் இல்லை. கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஒரு கிழமை என்றான், நாலு தடவை பஸ் ஏறினேன். கரண்ட் இல்லை, பேப்பர் வரவில்லை, பையன் லீவு. சரி, அதெல்லாம் எல்லாக் கடையிலும் உள்ளதுதான்.

ஐந்தாவது தடவை படம் வந்தது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம், பளபளவென்று, கலரில். ரோஸ் நிறக் கவுன். அது மஞ்சள் கவுன், தீபாவளிக்கு நான் எடுத்தது. இரண்டு காலிலும் செருப்பு. கன்னம் முட்டை மாதிரி வழவழ என்று இருந்தது, பொட்டைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். வாயில் லேசான சிரிப்பு வேறு. என் விரல்கள் இருந்த இடத்தில் கவுனுக்குப் பஃப் கை முளைத்திருந்தது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, யாரு பிள்ளை?" என்றார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. மகள் வீடியோ கோலில் பார்த்தாள். "அம்மா, இது நான் இல்லையே" என்றாள்.

மறுநாள் போய் மூலப்படத்தைக் கேட்டேன். "கண்ணாடியில ஒட்டிக்கிட்டு வரலம்மா. பிளேடு போட்டு எடுத்தோம், முகமெல்லாம் உரிஞ்சிருச்சு, வீசிட்டோம்" என்றான். குப்பைக்கூடையில் தேடுகிறேன் என்றேன். போன மாதமே போய்விட்டதாம். பிறகு மெதுவாகச் சொன்னான்: ஸ்கேன் பண்ணவே இல்லை. பிளேடு போடுவதற்கு முன் போனில் பிடித்து, ஏதோ ஏஐ ஆப்பில் போட்டிருக்கிறான். மிச்சக் காசு வேண்டாம் என்றான், பெரிய மனசு.

பிறகு கண்டியில் அச்சு வேலை செய்யும் உறவுக்காரப் பையன் ஒருவன் எனக்கு விளங்கப்படுத்தினான். கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்கவே கூடாதாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து எடுக்கலாமாம். 4 அங்குல அகலப் படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், எடுத்தால் அகலத்துக்கு 2400 புள்ளி வரும். 12 அங்குலத்துக்குப் பெரிதாக்கினாலும் அங்குலத்துக்கு 200 நிற்கும். எனக்கு அது போதும், மூக்கு முழி தெரிந்தால் சரி. அந்த ஆப் இருப்பதைத் துலக்குவதில்லை. தெரியாத இடத்தில் தான் பார்த்த ஆயிரம் முகங்களிலிருந்து ஊகித்து ஒன்றை வைத்துவிடும். அதனால் கொடுப்பதானால் "தூசி, கீறல் மட்டும் எடுங்கள், முகத்தில் கை வைக்கக்கூடாது" என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பொட்டு, மச்சம், தழும்பு எது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்றே ஸ்கேன் பண்ணவைத்து, மூலத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நான் கடையில் சண்டை பிடித்தே அந்த நாளைக் கடத்திவிட்டேன். கடத்தாவிட்டாலும் என் கையில் இருந்தது இலக்கம் எழுதிய துண்டு மட்டும்தான்.

அவன் போனில் பிடித்த படத்தையாவது தா என்று கேட்டு வாங்கினேன். வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினான், படம் சுருங்கிப்போய் வந்தது. டொக்கியுமெண்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மறுபடி கேட்டபோது அழித்துவிட்டேன் என்றான். கடையின் டியூப் லைட் கண்ணாடியில் விழுந்து மகளின் நெற்றியில் வெள்ளைக் கோடாக நிற்கிறது. கன்னத்துப் பொட்டு இருக்கிறது. விரல்களும் இருக்கின்றன, கறை மட்டும் தெரியவில்லை.

கல்யாண வீட்டில் அதைத்தான் போஸ்ட் கார்ட் அளவில் வைத்தோம். கலர் படம் அலுமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.