சிப்போல்லினியா, பெட்டாக்கியா?

சமவெளியில் முடியும் சைக்கிள் பந்தயத்தில் கடைசி 200 மீட்டர்தான் எல்லாம். அதற்காகவே பிறந்த மாதிரி இத்தாலியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் லூக்கா ஊர்க்காரர் மரியோ சிப்போல்லினி. மற்றவர் அவரைவிட ஏறக்குறைய ஏழு வயது இளைய அலெஸ்ஸாண்ட்ரோ பெட்டாக்கி.

இருவருக்கும் தொழில்முறை ஒன்றுதான். அணிக்காரர்கள் ரயில் பெட்டிகள் போல முன்னால் வரிசை கட்டி, ஆளுக்குக் கொஞ்ச தூரம் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக விலகுவார்கள். கடைசி ஆள் ஒதுங்கியதும் இவர்கள் பாய்வார்கள். சாயெகோ அணியின் சிவப்பு ரயிலை வைத்து இந்த வித்தையைப் பிரபலமாக்கியவர் சிப்போல்லினி. ஃபாஸ்ஸா போர்த்தொலோ அணியோடு அதையே பெட்டாக்கி செய்தார்.

எண்ணிக்கையில் சிப்போல்லினிக்குப் பக்கத்தில் பெட்டாக்கி வர முடியாது என்று நினைப்போம். இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில் மட்டும் 42 கட்ட வெற்றிகள் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), இன்றும் முறியாத சாதனை. 1999 டூர் த பிரான்ஸில் தொடர்ந்து நான்கு நாள் வென்றார். அதில் முதல் நாள் 194.5 கிலோமீட்டரை மணிக்கு 50.355 கிலோமீட்டர் சராசரியில் கடந்தார். அதே டூரில் சீசர் மாதிரி அங்கி போர்த்திக்கொண்டு வந்ததும் இவர்தான். ஆனால் மலை வந்ததும் மூட்டை கட்டிவிடுவார். டூரை ஒருமுறைகூட அவர் முடித்ததில்லை.

பெட்டாக்கிக்கு வேஷம் கிடையாது. 2003-இல் ஜிரோவில் 6, டூரில் 4, ஸ்பெயினின் வுவெல்டாவில் 5 என ஒரே வருடத்தில் 15 கட்டங்கள். அடுத்த ஆண்டு ஒரே ஜிரோவில் 9. 2010-இல், 36 வயதில், பாரிஸ் வரை ஓட்டி டூரில் புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்சியை வாங்கினார். இந்த மூன்று பெரும் பந்தயங்களிலும் புள்ளிகள் ஜெர்சி அவருக்கு உண்டு. சிப்போல்லினிக்கு ஜிரோவில் மட்டும்தான். சரி, கறையும் உண்டு: ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால் அளவு மீறியதாகச் சொல்லி 2007 ஜிரோவின் 5 வெற்றிகளைப் பறித்தார்கள்.

ஒரு நாள் பந்தயம் என்றால் என் ஓட்டு சிப்போல்லினிக்கு. 2002-இல், 35 வயது முடிந்த மறுநாள், இத்தாலியின் மிலான்-சான் ரெமோ பந்தயத்தை வென்றார்; அதே ஆண்டு பெல்ஜியத்தின் சோல்டரில் உலகப் பட்டம். பெட்டாக்கியிடம் 2005-இன் சான் ரெமோ இருக்கிறது, உலகப் பட்டம் இல்லை. மூன்று வாரப் பந்தயத்துக்கு ஆள் எடுக்கச் சொன்னால் பெட்டாக்கிதான்.

2003 ஜிரோவில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். லெச்சேயில் முதல் நாளே பெட்டாக்கி முந்தினார். மொத்தக் கணக்கு 6-க்கு 2. ஆனால் அந்த இரண்டில்தான் சிப்போல்லினி, பழைய சாம்பியன் ஆல்ஃப்ரெடோ பிந்தாவின் 41 ஜிரோ கட்ட வெற்றிகளைத் தாண்டினார்.